பாட்டு வந்துவிட்டது, பட்டியல் வரவில்லை

2019 மார்ச்சில் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சர்வர்களை மாற்றும் வேலை நடந்ததில், பயனர்கள் முன்பு ஏற்றிவைத்த பாடல்களும் படங்களும் காணொளிகளும் இனிக் கிடைக்காமல் போகலாம் என்று அதில் இருந்தது. 2003 முதல் 2015 வரை அங்கே சேர்ந்த இசை மொத்தமும் போய்விட்டது என்பது பிறகு தெளிவானது. 1.4 கோடி கலைஞர்களின் 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் என்று அப்போது செய்திகளில் கணக்கு வந்தது. யாரும் திருடவில்லை, எங்கும் தீப்பிடிக்கவில்லை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றினார்கள், வழியில் தொலைந்தது. இசைத் தொடர்புகளை ஆராய்ந்த கல்வியாளர் குழு ஒன்று 2008க்கும் 2010க்கும் இடையே தன் ஆய்வுக்காகப் பிரதியெடுத்து வைத்திருந்த ஏறக்குறைய 4.9 லட்சம் பாடல்கள் மட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் வழியாகத் திரும்பி வந்தன. நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிற வீடுகளில் இதே விபத்து சிறிய அளவில் நடந்துகொண்டே இருக்கிறது. அதற்கு அறிவிப்பு வருவதில்லை. ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு பாட்டைத் தேடும்போதுதான் தெரிகிறது.

நம்மில் ஒரு தலைமுறை பட்டியல் போட்டே பாட்டுக் கேட்டது. ரெக்கார்டிங் கடைக்குப் போய், ஒரு தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்து, 60 நிமிட கேசட்டா 90 நிமிட கேசட்டா என்று சொல்லிவிட்டு வருவோம். முதல் பக்கத்தில் எது முதலில் வர வேண்டும், சோகப் பாட்டுக்கு அடுத்து எது, கடைசியில் மிச்சமிருக்கும் மூன்று நிமிடத்துக்கு எந்தச் சின்னப் பாட்டு என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே முடிவாகிவிடும். பாட்டு எல்லோருடையது. வரிசை நம்முடையது. பிறகு சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த டெஸ்க்டாப் வீட்டுக்கு வந்தது. ஒரே தட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள் அடங்கும் எம்பி3 சிடிகள் வந்தன. அவற்றில் பெரும்பகுதி கள்ளப் பிரதி என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே ஹார்ட் டிஸ்கில் காசு கொடுத்து வாங்கிய சிடியிலிருந்து எடுத்தது, தாத்தா வானொலியிலிருந்து பதிந்த கச்சேரி, அக்கா கல்யாணத்து நாதஸ்வரம் எல்லாமும் வந்து சேர்ந்தன. இருபது வருடத்தில் வளர்ந்த அந்தத் தொகுப்பு இப்போது புது லேப்டாப்புக்குப் போயாக வேண்டும்.

பாட்டை மாற்றுவது பெரிய வேலை இல்லை. 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி. ஒரு பாட்டுக்கு 5 எம்பி என்று வைத்துக்கொண்டால் 20,000 பாட்டுக்கு 100 ஜிபி. பழைய யுஎஸ்பி 2.0 துளையில் செருகினாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும். பாட்டைச் சுற்றி நாம் சேர்த்துவைத்த அறிவுதான் சிக்கல். யார் பாடியது, எந்தப் படம், எந்த வருடம், எப்போது சேர்த்தோம், எத்தனை முறை கேட்டோம், எதற்குப் பின் எது. இந்த அறிவு பல வீடுகளில் பாட்டோடு ஒட்டியிருக்கவில்லை. வேறெங்கோ கிடக்கிறது, அதனால் கூட வருவதில்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதை மட்டும்தான்.

பட்டியல் எங்கே இருக்கிறது?

ஆப்பிள் 2001 ஜனவரியில் ஐட்யூன்ஸை வெளியிட்டது. அது பாட்டுகளை ஒரு ஃபோல்டரில் வைக்கும். அந்தப் பாட்டுகளைப் பற்றிய குறிப்புகளைத் தனியாக ஒரு லைப்ரரி ஃபைலில் வைக்கும். விண்டோஸிலும் பழைய மேக்கிலும் அதன் வால் ஐடிஎல். நாம் கொடுத்த நட்சத்திரங்கள், எத்தனை முறை கேட்டோம் என்ற எண்ணிக்கை, சேர்த்த தேதி, பிளேலிஸ்ட் எல்லாம் அந்த ஒரே ஃபைலுக்குள் இருக்கும். பாட்டு ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போனவருக்குப் பாட்டு வரும், இருபது வருடப் பழக்கம் வராது. எல்லாப் பாட்டும் இன்றைய தேதியில் சேர்த்ததாக, ஒருமுறைகூடக் கேட்காததாகப் புதிய திரையில் நிற்கும்.

வின்ஆம்ப் மென்பொருளில் பாட்டுக் கேட்டவர்களுக்கு வேறு கஷ்டம். அதன் எம்3யூ பிளேலிஸ்ட் வெறும் எழுத்து ஃபைல். அதற்குள் பாட்டு கிடையாது, பாட்டின் முகவரிதான் வரிக்கு ஒன்றாக இருக்கும். நம்மூர் டெஸ்க்டாப்பில் டிஸ்கை சி, டி, இ என்று பிரித்து, பாட்டை டி டிரைவிலோ இ டிரைவிலோ போடுவதுதான் வழக்கம். சி டிரைவ் அடிக்கடி ஃபார்மேட் ஆகும் என்ற அனுபவம் சொல்லித்தந்த வழக்கம் அது. இன்றைய லேப்டாப் பலவற்றில் சி மட்டும்தான் இருக்கிறது. பட்டியலில் உள்ள முகவரி ஒவ்வொன்றும் இல்லாத தெருவைக் காட்டுகிறது. ஐட்யூன்ஸில் இதே நிலைமை வந்தால் பாட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி வந்து நிற்கும். பாட்டு அழிந்துவிட்டது என்று பதறி அதை நீக்கியவர்கள் பலர். பாட்டு பத்திரமாக இருக்கும், முகவரிதான் பழசு. புதிய லேப்டாப்பில் பாட்டு இருக்கும் பகுதிக்குப் பழைய டிரைவ் எழுத்தையே கொடுத்து, அதே பெயரில் அதே அடுக்கில் ஃபோல்டரை வைத்தால் போதும், பழைய பட்டியல்கள் அப்படியே வேலை செய்யும். அது முடியாவிட்டாலும் பரவாயில்லை. எம்3யூ வெறும் எழுத்துதான் என்பதால் நோட்பேடில் திறந்து, பழைய முகவரியைப் புதிய முகவரியாக ஒரே தடவையில் மாற்றிவிடலாம். இந்த எளிமைக்காகவே என் மதிப்பில் எம்3யூ எந்த லைப்ரரி ஃபைலையும்விட உயர்ந்தது. அதைத் திறந்து பார்க்க அதைச் செய்த மென்பொருள் உயிரோடு இருக்க வேண்டியதில்லை.

ஒரு படம், ஐந்து ஃபோல்டர்

அடுத்தது தமிழ்ப் பாட்டுக்கே உரிய தொல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

இந்த மென்பொருள்கள் எல்லாம் பாட்டை ‘ஆர்ட்டிஸ்ட்’, ‘ஆல்பம்’ என்று அடுக்குகின்றன. ஒரு பாடகர் ஓர் ஆல்பம் போடுவார், அதில் எல்லாப் பாட்டையும் அவரே பாடுவார் என்ற வழக்கத்தில் பிறந்த அடுக்கு அது. நம் திரைப்பாட்டு அதற்குள் அடங்காது. 1992இல் வந்த ‘ரோஜா’வை எடுத்துக்கொள்ளுங்கள். மின்மினி ஒரு பாட்டு, உண்ணிமேனனும் சுஜாதாவும் ஒன்று, எஸ்.பி. பாலசுப்ரமணியமும் சுஜாதாவும் ஒன்று, பாலசுப்ரமணியமும் சித்ராவும் ஒன்று, ஹரிஹரன் ஒன்று. ‘ஃபோல்டர்களை நீயே ஒழுங்குபடுத்து’ என்று ஐட்யூன்ஸிடம் விட்டால், ஆர்ட்டிஸ்ட் பெயரை வைத்து அந்த ஒரு படத்தை ஐந்து ஃபோல்டராகப் பிரித்துப் போடும். இசையமைத்த ரஹ்மானைத் தேடிப் போனால் ரஹ்மான் இருக்க மாட்டார்.

இதற்கு மருந்து ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்கிற தனிக் கட்டம். அதில் இசையமைப்பாளர் பெயரைப் போட்டு, பாடகர் பெயர்களை ‘ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்திலேயே விட்டால் படம் ஒன்றாகிவிடும், பாடகரும் தொலைய மாட்டார். இளையராஜா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், ‘ராஜா’வில் ‘ஏ’ எத்தனை, முன்னால் ‘எல்’ ஒன்றா இரண்டா என்று ஒவ்வொரு சிடிக்கும் ஒரு கணக்கு இருக்கும். கம்ப்யூட்டருக்கு அவர்கள் அத்தனை பேரும் வேறு வேறு ஆட்கள். இன்னொரு கொடுமை, இணையத்தில் இறக்கிய எம்பி3களில் ஆல்பம், ஆர்ட்டிஸ்ட் கட்டங்கள் முழுக்க அந்த இணையதளத்தின் பெயரை அச்சடித்து வைத்திருப்பது. இசையமைப்பாளரின் பெயரை அழித்து, பாட்டைத் திருடியவர் தன் பெயரை எழுதிய இடம் அது. அதைத் துடைத்துவிட்டு உரியவர் பெயரை எழுதுவது அந்தக் கலைஞருக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கர்நாடக சங்கீதத்தின் நிலைமை இன்னும் மோசம். எம்பி3 ஃபைலின் கடைசியில் 128 பைட்டுகளை ஒதுக்கி, அதில் விவரம் எழுதும் முறை 1996இல் வந்தது. ஐடி3 என்று பெயர். தலைப்புக்கு 30 இடம், பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருடத்துக்கு 4. இசை வகைக்கு ஓர் எண். முதலில் வந்த 80 வகைகளில் போல்காவுக்கும் ஆசிட் ஜாஸுக்கும் இடம் இருந்தது, கர்நாடக சங்கீதத்துக்கு இல்லை. ராகத்துக்குக் கட்டம் இல்லை, தாளத்துக்கு இல்லை, வயலினும் மிருதங்கமும் யார் என்று எழுதவும் இல்லை. அந்த 30 இடமும் ஆங்கில எழுத்துக்கு அளந்தது. இன்றைய யூனிகோடு வழக்கமான யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். எம். எஸ். சுப்புலட்சுமி என்ற பெயரைப் புள்ளியோடு எழுத அந்த 30ஐப் போல இரண்டு மடங்கும் போதாது. பின்னால் வந்த ஐடி3 பதிப்புகள் இந்த நெருக்கடியை நீக்கிவிட்டன, யூனிகோடையும் ஏற்றுக்கொண்டன. ஆனால் பழைய ஃபைல்களில் பழைய குறிப்புதான் இருக்கும். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் யாராவது உழைத்துத் தட்டச்சு செய்திருந்தால், புதிய கணினியில் அது புரியாத கிறுக்கலாகத் தெரியும். அதை அழித்துவிடாதீர்கள். டிஸ்கி போன்ற பழைய குறியீடுகளை யூனிகோடாக மாற்றித்தரும் கருவிகள் இருக்கின்றன.

இதனால்தான் கச்சேரி சேகரிப்பவர்கள் எல்லா விவரத்தையும் ஃபைலின் பெயரிலேயே எழுதிவைத்தார்கள். பாடியவர், பக்கவாத்தியம், சபா, வருடம், எந்தக் கேசட்டின் எந்தப் பக்கம் என்று ரயில் நீளத்துக்குப் போகும். விண்டோஸில் ஃபோல்டர்களின் பெயரையும் சேர்த்து ஒரு ஃபைலின் முழு முகவரி பொதுவாக 260 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். ‘பழைய கம்ப்யூட்டர் பேக்கப்’ என்று புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் எல்லாவற்றையும் இறக்கும்போது, அதுவரை வரம்புக்குள் இருந்த முகவரி வெளியே போய்விடும். காப்பி செய்யும்போது அந்த ஃபைல் மட்டும் நின்றுவிடும். அப்படி நிற்பவை பெரும்பாலும் மிகக் கவனமாகப் பெயர் எழுதப்பட்ட பதிவுகள்தான்.

கொம்பும் காலும்

ஃபைலுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘கோ’ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். விண்டோஸில் தட்டச்சு செய்தால் பொதுவாக முதல் விதம் வரும். மேக் நீண்டகாலம் பயன்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ் என்ற டிஸ்க் அமைப்பு, ஃபைல் பெயரைப் பிரித்து இரண்டாவது விதத்தில்தான் எழுதும். ‘கொ’, ‘கௌ’ எழுத்துகளுக்கும் இதே கதை.

அதனால் மேக்கிலிருந்து விண்டோஸுக்கு வந்த ‘கோவில் பாடல்கள்’ ஃபோல்டரும், விண்டோஸில் ஏற்கெனவே இருந்த ‘கோவில் பாடல்கள்’ ஃபோல்டரும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக நிற்கும். பிளேலிஸ்ட் ஒன்றைத் தேடும், டிஸ்கில் மற்றொன்று இருக்கும். ஃபைல் இல்லை என்று திரை சொல்லும், நம் கண்ணெதிரே ஃபைல் இருக்கும். வைரஸ் என்று நினைத்துக் கணினியைச் சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டாம். பெயரை ஒருமுறை அழித்து, புதிய கணினியில் மறுபடி தட்டச்சு செய்தால் சரியாகிவிடும். நிறைய இருந்தால் மொத்தமாகப் பெயர் மாற்றும் மென்பொருள் போதும்.

ஒரு பெயரில் உள்ள வெற்றிடம்கூட என்ன செய்யும் என்பதற்கு 2001 நவம்பர் சாட்சி. மேக்குக்கான ஐட்யூன்ஸ் 2.0ஐ நிறுவும் கட்டளைத் தொகுப்பு பழைய பதிப்பை நீக்கிவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். சிலர் தங்கள் டிஸ்குக்கு இரண்டு சொற்களில், நடுவே இடைவெளி விட்டுப் பெயர் வைத்திருந்தார்கள். கட்டளை அதைத் தவறாகப் படித்து, டிஸ்கையே அழித்தது. ஆப்பிள் உடனே அதைத் திரும்பப் பெற்று 2.0.1ஐ வெளியிட்டது. எந்தப் பெரிய நிறுவனத்தின் மென்பொருளாக இருந்தாலும், வேலையைத் தொடங்கும் முன் தனியாக ஒரு பிரதி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

காசு கொடுத்து வாங்கியும்

சிலருடைய பாட்டு புதுக் கணினிக்கு வரவே வராது. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக் கடை விற்ற பாட்டுகளில் டிஜிட்டல் பூட்டு இருந்தது. புதிய கணினியில் அதைக் கேட்க நிறுவனத்தின் சர்வர் அனுமதி தர வேண்டும். 2008 ஆகஸ்ட் 31க்குப் பிறகு அந்த அனுமதியைத் தரப்போவதில்லை என்று அந்த ஆண்டு ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2011 கடைசி வரை நீட்டித்தது. அதே 2008இல் யாஹூவின் இசைக் கடையும் மூடப்பட்டது. பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்வரை பாட்டும் இருக்கும், அது போனால் பாட்டும் போகும். காசு கொடுத்தவருக்கு நேர்ந்த இந்த அநியாயம் கள்ளப் பிரதி வைத்திருந்தவருக்கு நேரவில்லை.

ஐட்யூன்ஸ் கடையும் 2003இல் பூட்டோடுதான் தொடங்கியது. 2009இல் பூட்டைக் கழற்றியது. இந்தியாவில் அந்தக் கடை திறந்ததே 2012 டிசம்பரில் என்பதால் இங்கே வாங்கியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. 2009க்கு முன்பு அமெரிக்காவிலோ கனடாவிலோ லண்டனிலோ இருந்து வாங்கிய நம்மவர்கள், எம்4பி என்று முடியும் ஃபைல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்குக்கு 5 கணினிகள்தான் அனுமதி. பழையதைத் தூக்கிப்போடும் முன் அதன் அனுமதியை ரத்து செய்துவிடுங்கள்.

‘எல்லாம்தான் ஸ்ட்ரீமிங்கில் இருக்கிறதே’ என்று இளையவர்கள் கேட்பார்கள். 2019இல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபோது, பழைய எச்எம்வியின் வாரிசான சரிகமா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சரிகமாவின் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து நீக்கப்பட்டன. 2020இல் ஒப்பந்தம் ஆன பிறகுதான் திரும்பின. கறுப்பு வெள்ளைக் காலத் தமிழ்ப் பாட்டுக்கு எச்எம்வி எவ்வளவு பெரிய வீடு என்று ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நிறுவனங்கள் பேசி முடிக்கும்வரை கேட்பவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. தாத்தா வானொலியிலிருந்து பதிந்த கச்சேரியோ எந்த ஸ்ட்ரீமிங்கிலும் இல்லை.

மாற்றும் முறை

முதலில் பழைய கணினியில் பாட்டு எங்கெல்லாம் கிடக்கிறது என்று தேட வேண்டும். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், இ டிரைவில் ‘நியூ ஃபோல்டர் 2’ என்று எங்கும் இருக்கும். ஐட்யூன்ஸ் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள ‘கன்சாலிடேட் ஃபைல்ஸ்’ கட்டளையைக் கொடுத்தால், சிதறிக் கிடப்பவற்றின் பிரதிகளை அதுவே ஒரே இடத்துக்குக் கொண்டுவரும். அதன்பிறகு பாட்டு ஃபோல்டரை மட்டும் எடுக்காமல், லைப்ரரி ஃபைலும் உள்ள மேல் ஃபோல்டரை முழுதாக எடுங்கள். புதிய கணினியில் விண்டோஸ் என்றால் ஷிஃப்டையும், மேக் என்றால் ஆப்ஷனையும் அழுத்திக்கொண்டு மென்பொருளைத் திறந்தால், எந்த லைப்ரரி வேண்டும் என்று கேட்கும். மேக்கில் 2019இன் கேட்டலினா பதிப்பு முதல் ஐட்யூன்ஸ் இல்லை, ‘மியூசிக்’ என்ற செயலி அதன் இடத்தில் இருக்கிறது. பழைய லைப்ரரியை அது ஏற்றுக்கொள்ளும்.

இடையில் பயன்படுத்தும் எக்ஸ்டர்னல் டிஸ்க் எக்ஸ்ஃபேட் அமைப்பில் இருந்தால் மேக், விண்டோஸ் இரண்டும் அதில் எழுதும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்கை மேக் படிக்கும், தானாக எழுதாது.

காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ப்ராப்பர்டீஸ் திறந்து, ஃபைல்களின் எண்ணிக்கையும் பைட் கணக்கும் கடைசி இலக்கம் வரை ஒன்றா என்று பாருங்கள். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ டிஸ்குக்கு டிஸ்க் மாறும், அது கணக்கில்லை. அதற்கு மேலே உள்ள ‘சைஸ்’தான் கணக்கு. அங்கங்கே சில பாட்டுகளைக் கடைசிவரை ஓடவிட்டுக் கேளுங்கள். இது முடியும்வரை பெயர் திருத்துவது, கட்டம் நிரப்புவது எதையும் தொடங்கக் கூடாது. ஒரு ஃபைலில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் தேதி மாறிவிடும், பைட் கணக்கும் மாறலாம், பிறகு எது சரியான பிரதி என்று ஒப்பிட முடியாது. விண்டோஸில் காப்பி செய்த ஃபைலின் ‘கிரியேட்டட்’ தேதி இன்றைய தேதியாகிவிடும், ‘மாடிஃபைடு’ தேதி பழையதாகவே இருக்கும். சேர்த்த காலத்தை நினைவில் வைத்துப் பாட்டுத் தேடுபவர்களுக்கு அந்த ஒரு தேதிதான் ஆதாரம். பழைய டிஸ்கை உடனே ஃபார்மேட் செய்ய வேண்டாம், விற்கவும் வேண்டாம். உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, வேறொரு வீட்டில் வையுங்கள்.

அடுத்தது திருத்தும் வேலை. மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு, மியூசிக்பீ, ஃபூபார்2000 போன்ற இலவச மென்பொருள்களில் விவரக் கட்டங்களை நூறு பாட்டுக்கு ஒரே நேரத்தில் நிரப்பலாம். இந்த விவரங்கள் எப்படி வந்தன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஆடியோ சிடி பெரும்பாலானவற்றில் பாட்டின் பெயர்கூடக் கிடையாது. ஒவ்வொரு பாட்டும் எந்த நொடியில் தொடங்குகிறது என்ற கணக்கை வைத்து, இது இன்ன சிடி என்று அடையாளம் கண்டுகொள்ளும் சிடிடிபி என்ற தொகுப்பு 1990களில் உருவானது. அதில் பெயர்களை எழுதியவர்கள் உலகெங்கும் இருந்த சாதாரண ரசிகர்கள், சம்பளம் வாங்காதவர்கள். பிறகு அது வணிக நிறுவனமாயிற்று. அந்த அனுபவத்துக்குப் பின் 2000இல் பிறந்த மியூசிக்பிரெய்ன்ஸ் இன்றும் பொதுச் சொத்தாக இருக்கிறது. நம் வீட்டில் திருத்தும் தமிழ்ப் பட விவரத்தை அங்கே ஏற்றினால் அடுத்தவருக்கு அந்த வேலை மிச்சம்.

எந்தத் தொகுப்பிலும் கிடைக்காத விவரம் ஒன்று உண்டு. ‘சைடு ஏ’ என்று மட்டும் பெயர் உள்ள கச்சேரிக்கு வயலின் யார், அது கோவில் கச்சேரியா வானொலியா, நாதஸ்வரம் வாசித்தவர் எந்த ஊர்க்காரர், தாலாட்டு பாடும் அந்தக் குரல் அத்தையுடையதா பாட்டியுடையதா என்பதெல்லாம் வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டுமே தெரியும். மாற்றும் வேலை நடக்கும் நாட்களில் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாக ஓடவிடுங்கள். சொல்வதை அப்படியே தமிழில் ‘கமெண்ட்’ கட்டத்தில் தட்டச்சு செய்யுங்கள். புதிய ஐடி3 பதிப்பில் அந்தக் கட்டத்துக்கு 30 எழுத்து வரம்பு கிடையாது, ஒரு பக்கம் எழுதினாலும் ஏற்கும். அந்த எழுத்து பாட்டின் ஃபைலுக்குள்ளேயே உட்காரும். அடுத்த கணினிக்கு யார் மாற்றினாலும், எந்த மென்பொருளில் திறந்தாலும் பாட்டோடு சேர்ந்தே போகும்.